லோயிஸ் வெபர்: கதை, கேமரா, கத்தரி எல்லாம் கையில், தியேட்டர் மட்டும் இல்லை

அமெரிக்காவில் இயக்குநரின் பெயரைப் பார்த்து டிக்கெட் எடுக்கும் பழக்கம் 1916 வாக்கில்தான் முளைவிட்டது. டி. டபிள்யூ. கிரிஃபித், செசில் பி. டிமில் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் பெயர்களே விளம்பரங்களில் பெரிதாக வந்தன. அவர்களோடு ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இன்னொரு பெயர் லோயிஸ் வெபர். யுனிவர்சல் நிறுவனத்தில் அதிகச் சம்பளம் வாங்கிய இயக்குநர் அவர்தான். தன் படங்களில் பெரும்பாலானவற்றை அவரே எழுதி இயக்கினார், பலவற்றில் முக்கிய வேடத்திலும் நடித்தார். 1917-இல் சொந்த ஸ்டுடியோ வைத்தார். 1921-இல், என் கணிப்பில் அவருடைய மிகச் சிறந்த படத்தை எடுத்து முடித்தார். அதே ஆண்டில் எல்லாம் சரிந்தது. 1939-இல் அவர் இறந்தபோது ஈமச் செலவைத் தோழிகள் ஏற்க வேண்டியிருந்தது.

இந்தச் சரிவுக்கு வழக்கமாக ஒரே காரணத்தைச் சொல்வார்கள். அவர் போதனை செய்யும் படங்களை எடுத்தார், முதல் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கா ஜாஸ் இசையும் கேளிக்கையும் தேடியது, அதனால் மக்கள் அவரைக் கைவிட்டார்கள் என்பார்கள். கூடவே திருமண முறிவையும் மன உளைச்சலையும் சேர்த்துக்கொள்வார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் படங்களையும் அந்த ஐந்தாறு ஆண்டுகளின் வியாபாரக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. படம் எடுப்பதற்கு வேண்டிய எல்லாம் வெபர் கையில் இருந்தன. எடுத்த படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுபோகும் வழி ஒருநாளும் அவர் கையில் இருந்ததில்லை. அந்த வழியைச் சில பெரிய கம்பெனிகள் வளைத்துப் போட்ட ஆண்டுகளில்தான் அவர் சுயமாகத் தொழில் செய்யத் துணிந்தார்.

தெருமுனையிலிருந்து ஸ்டுடியோவுக்கு

வெபர் பிறந்தது 1879 ஜூன் 13 அன்று, பென்சில்வேனியாவின் அலெகெனி நகரில். இன்று அது பிட்ஸ்பர்க்கின் ஒரு பகுதி. சிறு வயதிலேயே பியானோவில் கெட்டிக்காரி, ஊர் ஊராகக் கச்சேரி செய்தவர். பிறகு கிறிஸ்தவ ஊழிய அமைப்பு ஒன்றில் சேர்ந்து, ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பாலியல் தொழில் நடக்கும் தெருக்களிலும் கையடக்க ஆர்கன் வாசித்துப் பாட்டுப் பாடிப் பிரசங்கம் செய்தார். பின்னாளில் பேட்டிகளில், சினிமாவில் தன் மனம் போலப் பிரசங்கம் செய்ய முடிகிறது என்று மகிழ்ச்சியோடு சொல்வார். அவருடைய கதைகளில் வரும் கடைப் பெண்களும் குடிசைத் தாய்மார்களும் அந்தத் தெருக்களில் அவர் நேரில் பார்த்தவர்களின் சாயல் கொண்டவர்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்து நாடகம். ஊர் சுற்றும் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கே பழக்கமான நடிகர் பிலிப்ஸ் ஸ்மாலியை 1904-இல் மணந்தார். சில ஆண்டுகளில் கோமான் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில் வேலை கிடைத்தது. கிராமபோன் தட்டோடு பொருத்தி ஓட்டும் குட்டிக் குட்டிப் பாட்டுப் படங்களை அங்கே எடுத்தார்கள். பேசும் படம் வருவதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பே, ஒலியும் படமும் சேரும் வேலையில்தான் வெபர் தொழில் கற்றார்.

1910 வாக்கில் தம்பதி நியூயார்க்கின் ரெக்ஸ் கம்பெனிக்கு வந்தார்கள். அதன் தலைவர் எட்வின் எஸ். போர்ட்டர். 1912-இல் ரெக்ஸ் யுனிவர்சலோடு இணைந்தது. போர்ட்டர் விலகினார், வெபரும் ஸ்மாலியும் பொறுப்பேற்றார்கள். வேலை லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நகர்ந்தது. அந்தக் காலத்து ஒரு ரீல் படம் 10 முதல் 15 நிமிடம் ஓடும். ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று தயாராக வேண்டும். கதை எழுதுவது, நடிப்பது, இயக்குவது, ஒட்டி வெட்டுவது என்று எல்லாமே அந்த ஒரு வாரத்துக்குள். அதைவிடக் கடுமையான பயிற்சிக்கூடம் இருந்திருக்க முடியாது.

பத்து நிமிடத்தில் ஒரு பாடம்

1913-இல் வந்த 'சஸ்பென்ஸ்' இந்த ரெக்ஸ் காலத்துப் படம். கதை அன்றைக்கே பழையது. தனி வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருக்கிறாள், ஒரு நாடோடி உள்ளே நுழையப் பார்க்கிறான், கணவன் தொலைவில் அலுவலகத்தில் இருக்கிறான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கிரிஃபித் இதே மாதிரியான கதையை எடுத்திருந்தார். இங்கே ஒரு காட்சி, அங்கே ஒரு காட்சி என்று மாற்றி மாற்றி வெட்டிப் பதற்றம் கூட்டுவது அவர் வழி.

வெபர் என்ன செய்தார்? மனைவி கணவனுக்குப் போன் செய்யும் இடத்தில் திரையை மூன்று முக்கோணங்களாகப் பிரித்தார். ஒரு மூலையில் போனைப் பிடித்தபடி மனைவி. நடுவில் மேசையருகே கணவன். இன்னொரு மூலையில் வாசல் மிதியடியைத் தூக்கி அடியில் இருக்கும் சாவியை எடுக்கும் நாடோடி. வேலைக்காரி சொல்லாமல் கிளம்பிப் போகும்போது அங்கே வைத்துவிட்டுப் போன சாவி அது. கணவனுக்கும் மனைவிக்கும் தெரியாதது நமக்கு அதே நொடியில், அதே சட்டத்துக்குள் தெரிகிறது. வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்திருக்கும். மூன்றும் ஒன்றாக வருவதால் நம் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறது. காட்சியின் பதற்றம் அந்தத் தவிப்பில்தான் இருக்கிறது.

அப்புறம் துரத்தல். அலுவலக வாசலில் நின்ற காரைக் கிளப்பிக்கொண்டு கணவன் வீட்டுக்குப் பறக்கிறான். காரின் சொந்தக்காரரும் போலீஸும் பின்னால் வருகிறார்கள். அவர்களை நாம் பார்ப்பது கணவன் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில். சின்ன வட்டத்துக்குள் இன்னொரு கார் பெரிதாகிக்கொண்டே வருகிறது. இங்கே வீட்டில், மாடி ஜன்னலிலிருந்து மனைவி கீழே எட்டிப் பார்க்க, நாடோடி தலையைத் தூக்கி நேராக நம்மையே பார்க்கிறான். மாடிப்படி ஏறி வரும்போது அவன் முகம் கேமராவை நெருங்கி நெருங்கித் திரையை நிரப்புகிறது. மனைவியாக நடித்தவர் வெபரே. இந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்த பிறகு, 'அவர் கருத்து சொல்பவர், கலை தெரியாதவர்' என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்சாரும் வசூலும்

1914-இல் ஷேக்ஸ்பியரின் 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' நாடகத்தை முழுநீளப் படமாக எடுத்தார். முழுநீளப் படம் இயக்கிய முதல் அமெரிக்கப் பெண் அவர் என்று வரலாற்றில் பதிவானது இந்தப் படத்தால். போர்ஷியாவாக நடித்தவரும் அவரே. படம் இன்று கிடைக்கவில்லை. அதே ஆண்டில் யுனிவர்சலை விட்டு பாஸ்வொர்த் கம்பெனிக்குப் போனார். நீளமான படம் எடுக்க அங்கே இடம் இருந்தது.

அங்கே எடுத்த 'ஹிப்போக்ரிட்ஸ்' 1915 ஜனவரியில் வெளியானது. இடைக்காலத் துறவி ஒருவர் 'உண்மை'யைச் சிலையாக வடிக்கிறார். சிலை ஆடையில்லாத பெண்ணாக இருப்பதைப் பார்த்த கூட்டம் அவரைக் கொன்றுவிடுகிறது. இதன் கூடவே நிகழ்காலக் கதையில், ஆடையில்லாத 'உண்மை' ஒரு நிழல் போல வந்து அரசியல்வாதி, பணக்காரக் குடும்பம் என்று ஒவ்வொருவர் முன்னும் கண்ணாடியை நீட்டுகிறாள். பிலிமைத் திரும்ப ஓட்டி இரண்டாம் முறை பதிவுசெய்யும் இரட்டைப் பதிவு முறையில் எடுத்ததால் அந்த உருவம் பாதி ஊடுருவித் தெரியும். ஒஹாயோ மாநிலம் படத்தைத் தடை செய்தது. பாஸ்டன் மேயர் ஒவ்வொரு பிரேமிலும் அவளுக்கு ஆடை வரையச் சொன்னதாக அன்றைய செய்தி. எதிர்ப்பு வளர வளரக் கூட்டமும் வளர்ந்தது.

அந்தக் காலத்தின் சட்ட நிலையையும் சொல்ல வேண்டும். 1915 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மியூச்சுவல் வழக்கில், சினிமா வெறும் வியாபாரம், பேச்சுரிமை அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் எந்த மாநிலமும், எந்த ஊரும் தனக்குப் பிடிக்காத படத்தை நிறுத்தலாம். இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் வெபர் எடுத்துக்கொண்ட விஷயங்களைப் பாருங்கள்: அபின் கடத்தல், மரண தண்டனை, கூலிப் பெண்ணின் வறுமை, கருத்தடை, கருக்கலைப்பு. 1915-இல் யுனிவர்சலுக்குத் திரும்பி வந்து அடுத்தடுத்து எடுத்தவை இவை. நடுவில், புகழ்பெற்ற பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவை நாயகியாக வைத்து 'தி டம்ப் கேர்ள் ஆஃப் போர்ட்டிசி' என்ற பிரமாண்டப் படமும்.

1916-இன் 'வேர் ஆர் மை சில்ட்ரன்?' பெரும் வசூல் பார்த்தது. பென்சில்வேனியா சென்சார் தடை செய்தது. குழந்தை வேண்டும் என்று ஏங்கும் அரசு வழக்கறிஞர் ஒருவர், கருக்கலைப்பு செய்த மருத்துவரைக் கூண்டில் ஏற்றுகிறார். அந்த மருத்துவரின் கணக்குப் புத்தகத்தில் தன் மனைவியின் பெயரே இருப்பதைப் பார்க்கிறார். கருத்தடை அறிவு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றும் கருக்கலைப்பு கூடாது என்றும் படம் ஒரே நேரத்தில் வாதிடுகிறது. யார் பிள்ளை பெறலாம், யார் பெறக் கூடாது என்ற அன்றைய இனமேம்பாட்டுக் கொள்கையும் அதில் கலந்திருக்கிறது. வெபரை எவ்வளவு மதித்தாலும் அந்தப் பகுதியை நியாயப்படுத்த முடியாது. அது தவறான கொள்கை, படத்தின் மேல் படிந்த கறை. அதைச் சொல்லாமல் அவரைக் கொண்டாடினால் அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்காது.

அதே ஆண்டின் 'ஷூஸ்' வேறு தரம். ஐந்து, பத்து சென்ட் பொருள் விற்கும் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்யும் பெண் ஈவா. அப்பா வேலை தேடாமல் படுத்துக் கதைப்புத்தகம் படிக்கிறார். அம்மா துணி துவைக்கிறாள். ஈவாவின் சம்பளம் அப்படியே வீட்டுச் செலவுக்குப் போய்விடுகிறது. அவள் ஷூவில் அடித்தோல் தேய்ந்து ஓட்டை. இரவில் அட்டையை வெட்டி உள்ளே வைக்கிறாள். மறுநாள் மழையில் அது ஊறிக் கூழாகிறது. மறுபடி அட்டை, மறுபடி மழை. கேமரா திரும்பத் திரும்ப அவள் பாதத்துக்கே வருகிறது. கடைசியில் ஒரு ஜோடி ஷூவுக்காக அவள் தன்னையே கொடுக்கிறாள். மறுநாள் அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டதாகச் செய்தி வருகிறது. இந்தப் படத்தில் எங்கே பிரசங்கம்? ஈவாவைத் திட்டும் ஒரு வரிகூட இல்லை. அட்டை ஊறுவதைக் காட்டிவிட்டு நம்மிடம் விட்டுவிடுகிறார். 16 வயது மேரி மெக்லாரன் ஈவாவாக நடித்திருக்கிறார். கண்ணாடி முன் நின்று கிளம்பத் தயாராகும் அந்த முகத்தை மறப்பது கடினம்.

இந்தக் காலத்தில் வெபரின் சம்பளம் வாரம் 5,000 டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. திரைப்பட இயக்குநர்கள் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண்ணும் அவர்தான். படங்களின் பெயர்ப் பட்டியலில் ஸ்மாலியின் பெயரும் சேர்ந்து வந்தாலும், படப்பிடிப்பைப் பார்க்க வந்த நிருபர்கள் முடிவெடுப்பது யார் என்பதைத் தெளிவாகவே எழுதினார்கள். இன்னொரு ஆதாரமும் இருக்கிறது. 1922-இல் இருவரும் பிரிந்த பிறகு ஸ்மாலி சின்னச் சின்ன வேடங்களில் நடித்தே காலம் தள்ளினார். இயக்குநராக அவர் மீண்டும் எழவில்லை.

சொந்த வீடு, அடுத்தவர் வாசல்

1917-இல் லோயிஸ் வெபர் புரொடக்ஷன்ஸ் தொடங்கியது. ஹாலிவுட்டில் சாண்டா மோனிகா சாலையில் தோட்டமும் மரமுமாக இருந்த ஒரு வளாகம், பார்த்தால் ஸ்டுடியோ என்றே தோன்றாது. கதை எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில் காட்சிகளை எடுப்பார். நடிகர்களுக்குப் பாத்திரம் ஊற நேரம் கிடைக்கும். முடிந்தவரை செட் போடாமல் உண்மையான வீடுகளில், உண்மையான தெருக்களில் எடுத்தார். வாரம் ஒரு படம் தள்ளிய தொழிற்சாலையில் வளர்ந்தவர், அந்தத் தொழிற்சாலை முறையையே விட்டு வெளியே வந்துவிட்டார்.

ஆனால் படத்தை வெளியிட்டது யார்? முதலில் யுனிவர்சல். 1920-இல் அடால்ப் சூக்கரின் ஃபேமஸ் பிளேயர்ஸ்–லாஸ்கி, அதாவது பாரமவுண்ட் படங்களை வெளியிட்ட கம்பெனி. படத்துக்கு 50,000 டாலர், மேற்கொண்டு லாபத்தில் பங்கு என்ற ஒப்பந்தம். கேட்கும்போது ராஜயோகம். அந்தக் கம்பெனி அப்போது வேறு என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்தால்தான் முழுப் படம் விளங்கும்.

1917-இல் பெரிய தியேட்டர் முதலாளிகள் சேர்ந்து ஃபர்ஸ்ட் நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கி, படங்களைத் தாங்களே வாங்கி ஓட்ட ஆரம்பித்தார்கள். சூக்கருக்கு இது ஆபத்து. தியேட்டர் இல்லாமல் படம் எடுத்து என்ன பயன்? 1919-இல் வால் ஸ்ட்ரீட்டின் கூன்–லோப் நிறுவனம் மூலம் 1 கோடி டாலருக்குப் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தைக் கொண்டு நாடெங்கும் தியேட்டர்களை வாங்கத் தொடங்கினார். 1921-இல் அவர் கையில் சுமார் 300 தியேட்டர்கள். மற்ற தியேட்டர்காரர்களிடம் மொத்தக் கட்டாக விற்பனை: பெரிய நட்சத்திரத்தின் படம் வேண்டுமா, கூடவே நாங்கள் தருகிற மற்ற படங்களையும் எடுத்துக்கொள். இப்படி ஒரு தியேட்டரின் ஆண்டுக் கணக்கு முழுதும் ஒரே கம்பெனியின் படத்தால் நிரம்பிவிட்டால், வெளியாள் படத்துக்கு அங்கே தேதி கிடைக்காது. 1921 ஆகஸ்டில் மத்திய வர்த்தக ஆணையமே இந்தக் கம்பெனி மீது புகார் பதிவு செய்தது.

அதே 1919-இல் சாப்ளின், மேரி பிக்ஃபோர்ட், ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் நால்வரும் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தொடங்கியதும் இதே பயத்தில்தான். படம் எடுப்பவர் விநியோகத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். அவர்களில் மூவர் நாடே முகம் தெரிந்த நட்சத்திரங்கள். தேய்ந்த ஷூவையும் வாத்தியார் வீட்டு வறுமையையும் கதையாக்கும் ஒருவர் அந்த வழியில் போக முடியுமா? முதலீட்டாளர் கிடைத்திருக்க மாட்டார்.

ஒரு கோழி, ஒரு ஜன்னல்

சூக்கரின் கம்பெனி வெபரின் மூன்று படங்களை வெளியிட்டது. அத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. மிச்சம் இருந்த இரண்டு படங்களையும் எஃப். பி. வாரன் என்ற சின்னப் புது விநியோகக் கம்பெனி எடுத்தது. அந்த இரண்டில் ஒன்றுதான் 1921 செப்டம்பரில் வெளிவந்த 'தி பிளாட்'.

பேராசிரியர் கிரிக்ஸின் வீடு. படிப்பு உண்டு, மானம் உண்டு, சம்பளம் போதவில்லை. பக்கத்து வீட்டில் ஷூ தொழிலில் செழித்த குடும்பம். அவர்கள் சமையலறை ஜன்னல் இவர்கள் வீட்டைப் பார்த்தே இருக்கிறது. பேராசிரியரின் மகள் அமீலியா நூலகத்தில் வேலை பார்க்கிறாள். உடம்புக்கு முடியாமல் படுக்கிறாள், நல்ல ஆகாரம் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். அம்மா கையில் காசில்லை, கடையில் கடனும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் ஓரத்தில் கோழி இருக்கிறது.

அம்மா மெல்லப் போகிறாள், கையை நீட்டி எடுக்கிறாள். எடுத்த மாத்திரத்தில் மனசாட்சி உறுத்த, திரும்ப வைத்துவிடுகிறாள். மகள் இதைப் பார்க்கிறாள், ஆனால் எடுக்கும் பாதியை மட்டும். வைக்கும் பாதியைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை, அதற்குள் அங்கிருந்து விலகிவிடுகிறாள். தாய் திருடவில்லை என்பது நமக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. 'சஸ்பென்ஸ்' படத்தில் முக்கோணச் சட்டத்தில் செய்ததையே எட்டு ஆண்டு கழித்து, எந்தத் தந்திரமும் இல்லாமல், ஒரு ஜன்னலையும் ஒரு கோழியையும் வைத்துச் செய்கிறார். கொலை பயம் போய், அந்த இடத்தில் அவமானம் வந்திருக்கிறது. எனக்கு இது அந்தக் காலத்து அமெரிக்க சினிமாவின் உச்சங்களில் ஒன்று.

படம் முழுதும் இப்படித்தான் நடக்கிறது. கிழிந்த கம்பளத்தில் தடுக்கும் கால், நூல் பிரிந்த நாற்காலி, குப்பைத் தொட்டியில் உணவு தேடும் பூனை. உண்மையான வீட்டுக்குள் எடுத்ததால் அறைகளின் நெருக்கடி தெரிகிறது. ஆசிரியரின் வறுமை பற்றி அன்று 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகையில் வந்த கட்டுரையையே ஒரு பாத்திரம் கையில் எடுத்து இன்னொருவருக்குக் காட்டும். அந்த ஓரிடம் பிரசங்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். படத்தின் முடிவு இளைஞனையும் இளம்பெண்ணையும் சேர்த்துவைத்து எல்லாம் சுபம் என்று மூடிவிடுவதில்லை. அமீலியாவை விரும்பிய ஏழைப் பாதிரியார் தனியாக நடந்து போவதையும் காட்டுகிறது.

இந்தப் படத்தை மக்கள் பார்த்து நிராகரித்தார்கள் என்று சொல்ல, முதலில் அது மக்களிடம் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பெரிய நகரங்களின் பெரிய தியேட்டர்கள் பெரிய கம்பெனிகளின் பிடியில் இருந்த ஆண்டு அது. போதாததற்கு 1920–21 பொருளாதாரச் சரிவில் தியேட்டர் வருமானமும் விழுந்திருந்தது. ஒரு சின்ன விநியோகக் கம்பெனி தூக்கிக்கொண்டு போன படம் எத்தனை தூரம் போயிருக்கும்?

மற்ற காரணங்கள் நிற்கின்றனவா?

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் பார்த்துவிடுவோம். கிரிஃபித்துக்கு விநியோகக் கம்பெனியிலேயே பங்கு இருந்தது, அவரும் 1931-க்குப் பிறகு படம் எடுக்க முடியாமல் போனார். ஆகவே விநியோகம் இருந்தால் மட்டும் தப்பித்துவிடலாம் என்று சொல்ல முடியாது. ரசனை மாற்றம் உண்மையான ஒன்றுதான். ஆனால் கிரிஃபித்துக்குக் கூடுதலாகப் பத்து ஆண்டு அவகாசம் கிடைத்தது, தோற்ற படத்துக்குப் பின்னும் அடுத்த படம் கிடைத்தது. வெபருக்கு அது கிடைக்கவில்லை.

தணிக்கையையும் மறக்கக் கூடாது. 1921-இல் ஒரு நடிகையின் மரணம் தொடர்பாக நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிள் மீது வந்த வழக்கு நாட்டையே உலுக்கியது. 1922-இல் கம்பெனிகள் வில் ஹேஸ் தலைமையில் சங்கம் அமைத்து, சர்ச்சை வேண்டாம் என்று தங்களுக்குத் தாங்களே வேலி போட்டுக்கொண்டன. கருத்தடை போன்ற பேச்சுக்கே இனி இடமில்லை. 1916-இல் வெபருக்கு வசூல் தந்த துணிச்சல் 1922-இல் எந்தக் கம்பெனிக்கும் தேவைப்படவில்லை.

அடுத்தது, அவர் பெண் என்பது. 1910-களில் யுனிவர்சலில் மட்டும் 11 பெண்கள் இயக்குநர்களாக இருந்தார்கள்: ஐடா மே பார்க், கிளியோ மேடிசன், ரூத் ஆன் பால்ட்வின், எல்சி ஜேன் வில்சன் போன்றவர்கள். பத்தாண்டு முடிவதற்குள் அந்த வரிசை கலைந்தது. நியூ ஜெர்சியில் சோலாக்ஸ் ஸ்டுடியோ நடத்திய ஆலிஸ் கீ 1922-இல் பிரான்ஸுக்கே திரும்பிப் போனார். சின்ன கம்பெனிகளின் காலத்தில் யாரும் கேமரா பக்கம் நிற்கலாம் என்றிருந்தது. வங்கிப் பணம் வந்து, மேலிருந்து கீழ் அதிகார வரிசை வந்ததும், இயக்குநர் நாற்காலி ஆண்களுக்கு என்று ஆகிவிட்டது. திரைக்கதை எழுதும் பெண்கள் மட்டும் நிலைத்தார்கள். 1914 வாக்கில் பாஸ்வொர்த்தில் வெபர்தான் பிரான்சஸ் மேரியனுக்கு முதல் வேலை கொடுத்தார். மேரியன் பிறகு எழுத்துக்காக இரண்டு ஆஸ்கர் வாங்கினார். இரண்டு பேருக்கும் எழுத்துத் திறமை குறைவில்லை. மேரியன் மற்றவர்களின் ஸ்டுடியோவுக்கு எழுதிக் கொடுத்தார், வெபர் சொந்த ஸ்டுடியோ வேண்டும் என்றார். வித்தியாசத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோவின் கதை இதற்கு நல்ல ஒப்பீடு. அவரும் எழுதி இயக்கித் தயாரித்தவர். 1919-இல் தன் முதல் படத்தை எடுத்ததிலிருந்தே, கறுப்பின மக்களின் தியேட்டர்களுக்குத் தானே நேரில் போய்ப் பேசிப் படத்தை ஓட்டவைத்தார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் கண்டுகொள்ளாத சந்தை அது. 1928-இல் திவாலாகியும் எழுந்து 1948 வரை படம் எடுத்தார். படத்துக்குச் செலவழிக்க அவரிடம் இருந்தது வெபரிடம் இருந்ததில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஆனால் எந்த ஊரில் எந்தத் தியேட்டர் கதவைத் தட்டினால் திறக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு

விவாகரத்துக்குப் பின் வெபர் அவ்வப்போது திரும்பி வந்தார். 1923-இல் யுனிவர்சலுக்கு ஒரு படம். 1926, 1927-இல் பில்லி டவ் நடித்த இரண்டு படங்கள், டிமில் கம்பெனிக்காக 'தி ஏஞ்சல் ஆஃப் பிராட்வே'. 1926-இல் ஹாரி கான்ட்ஸை மறுமணம் செய்துகொண்டு ஃபுல்லர்ட்டன் பக்கம் அவருடைய பண்ணையில் வாழ்ந்தார். ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1934-இல் 'ஒயிட் ஹீட்', ஹவாயின் கவாய் தீவில் கரும்புத் தோட்டத்தில் எடுத்தது. அவர் எடுத்த ஒரே பேசும் படம். அதுவும் சின்ன கம்பெனி வழியாகவே வந்தது, இன்று கிடைக்கவில்லை. கடைசி ஆண்டுகளில் பள்ளிப் பாடங்களைப் படமாகக் காட்டும் திட்டத்துக்கு ஆதரவு தேடிக்கொண்டிருந்தார். 1939 நவம்பர் 13 அன்று, 60 வயதில், குடல்புண் ரத்தக்கசிவால் இறந்தார். இறுதிச் செலவை ஏற்றவர்களில் பிரான்சஸ் மேரியனும் ஒருவர்.

தயாரிப்பும் விநியோகமும் தியேட்டரும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது 1948-இல். அப்போது வெபர் இறந்து எட்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

படம் வெளிவருவதற்குத் தடையான அதே நிலைமை, படம் மிஞ்சுவதற்கும் தடையானது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த சுமார் 11,000 மௌன முழுநீளப் படங்களில் முதலில் வெளியான வடிவத்திலேயே முழுதாகக் கிடைப்பவை 14 சதவீதம்தான் என்று காங்கிரஸ் நூலகத்தின் 2013 ஆய்வு சொல்கிறது. கம்பெனி மூடிவிட்டால், எளிதில் தீப்பிடித்துச் சிதையும் நைட்ரேட் பிலிம் சுருளைப் பாதுகாக்க யாரும் இல்லை. வெபரின் படங்களில் பெரும்பகுதி இப்படித்தான் போயிற்று. மிஞ்சியவற்றை ஆவணக் காப்பகங்கள் ஒவ்வொன்றாக மீட்டன. 'தி பிளாட்' படத்தை 1980-களில் திரைப்பட வரலாற்றாளர்கள் கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் சீரமைத்தார்கள். 'ஷூஸ்' படத்தைச் சீரமைத்தது நெதர்லாந்தின் ஐ (EYE) திரைப்பட நிறுவனம். 'வேர் ஆர் மை சில்ட்ரன்?' 1993-இலும் 'ஷூஸ்' 2014-இலும் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தன.

மௌனப் படம் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் 'சஸ்பென்ஸ்' படத்திலிருந்து தொடங்கலாம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்து 'ஷூஸ்', அப்புறம் 'தி பிளாட்'. மூன்றுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம்கூட முழுதாக ஆகாது.